போட்டோ சரியா வரலைங்களா? கடை, கம்பெனி படப்பிடிப்புக்கு முன் பார்க்க வேண்டிய கோளாறுகள்

கடைக்கோ கம்பெனிக்கோ ஆள் வைத்துப் படம் எடுத்து, பைல்கள் கைக்கு வந்த பிறகுதான் குறைகள் கண்ணில் படும். "கேமரா சரியில்லீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கேமராவில் கோளாறு இருப்பது அபூர்வம். லைட்டை மாற்றாமல் விட்டது, லேபிளைப் பார்க்காமல் விட்டது, தேதியைத் தப்பாகக் கொடுத்தது என்று காரணம் பெரும்பாலும் முந்தின வாரத்தில் கிடக்கும்.

எடுத்த படம் ஏற்கெனவே கையில் இருந்தால், உங்கள் குறை எந்தத் தலைப்பில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு உங்கள் தொழிலுக்குப் பொருந்தாததை விட்டுவிடுங்கள். பனியன் கம்பெனிக்கு வரும் கோளாறு எண்ணெய்ச் செக்குக்கு வராது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது. படம் எங்கே போகப் போகிறது, அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். கூகுள் மேப்பில் கடையைத் தேடும் ஆளா, வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையரா, ஆன்லைனில் சேலை வாங்கும் அம்மாவா? "எல்லாத்துக்கும் ஆகற மாதிரி எடுத்துருங்க" என்று சொல்லி எடுத்த படம் எதற்கும் ஆகாமல் போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு அதுவே வேர்.

"கடைக்குள்ள எடுத்ததெல்லாம் பாதி மஞ்சளா, பாதி நீலமா இருக்கு"

மேலே ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் எல்.இ.டி., ஓரத்தில் பழைய வெள்ளை ட்யூப்லைட், வாசல் வழியே வெயில். மூன்றுக்கும் மூன்று நிறம். நம் கண் அதைத் தானாகச் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது. ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது கெட்டுப்போகும். எடிட்டிங்கில் ஓரளவு இழுத்துப் பார்க்கலாம், ஆனால் ஒரே சேலையின் ஒரு மடிப்பு மஞ்சளாகவும் அடுத்த மடிப்பு நீலமாகவும் இருந்தால் எடிட்டர் என்ன செய்வார்?

ஒரு வாரம் முன்னால், ஷூட்டிங் நடக்கப் போகும் அதே நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளைக் கடையின் நாலைந்து இடங்களில் வைத்து போனில் படம் எடுத்துப் பாருங்கள். தாள் எங்கெல்லாம் வேறு வேறு நிறமாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் விளக்கை ஒரே ரகமாக்குங்கள். பல்பு அட்டையில் 3000, 4000, 6500 என்று கெல்வின் எண் போட்டிருக்கும். எந்த எண் என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் போதும். பல்பு மாற்றச் செலவு ஆகும் என்றால், ஒரு ரகத்தை மட்டும் எரியவிட்டு மற்றதை அணைக்க முடியுமா என்று பாருங்கள். பல கடைகளில் எல்லா விளக்கும் ஒரே சுவிட்சில் இருக்கும். எலக்ட்ரீஷியனை முன்னாலேயே கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள், ஷூட்டிங் அன்று அவர் வரமாட்டார்.

சுவர் பச்சையாக இருந்தால் முகமும் பச்சையடிக்கும். வாசலில் பச்சை நிழல்வலை கட்டியிருந்தால் அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுங்கள்.

"படத்துல கோடு கோடா விழுந்திருக்கு"

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் காரணம் வேறு.

படம் முழுக்கக் குறுக்கே இருட்டுப் பட்டைகள் இருந்தால் அது விளக்கின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கேமராவின் ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் வெளிச்சம் குறைந்த தருணம் பட்டையாக விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் போய்விடும். ரீல்ஸுக்கு போனிலேயே வீடியோ எடுப்பவர்கள் கேமரா செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

துணியின் மேல் மட்டும் வானவில் மாதிரி நெளிநெளியாக அலை தெரிந்தால் அது மொய்ரே. நெருக்கமான ரிப் பின்னல், பொடிக் கட்டம், மெல்லிய கோடு போட்ட சட்டைத்துணி இவற்றில் வரும். துணியின் நெசவு வரிசையும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது, துணியில் குறையில்லை. கேமராவை அரையடி முன்னே பின்னே நகர்த்தினால், அல்லது துணியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் போய்விடும். கேமராவின் சின்னத் திரையில் இது ஏமாற்றும். அந்த மாதிரித் துணி வரும்போது லேப்டாப்பில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அடுத்த பீசுக்குப் போகச் சொல்லுங்கள். முதலாளி அன்றைக்குக் கட்டம் போட்ட சட்டையில் வந்து நின்றாலும் இதே கதைதான்.

"நேர்ல ஒரு கலர், படத்துல ஒரு கலர்"

ஜவுளிக்காரர்களுக்குப் பணம் போகும் இடம் இதுதான். கலர் மாறினால் பார்சல் திரும்பி வரும்.

முதல் காரணம் மேலே சொன்ன விளக்குக் கலப்பு. அது இல்லையென்றால், வாடாமல்லி, ராணி பிங்க், அடர் மஞ்சள் மாதிரியான நிறங்களைப் பாருங்கள். போன்களும் வலைத்தளங்களும் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண எல்லைக்குள் இந்த நிறங்கள் முழுசாக அடங்காது. அடங்காத நிறத்தைத் திணித்தால் நெசவு, மடிப்பு எல்லாம் மறைந்து ஒரே சாயத்தைக் கொட்டினமாதிரி தெரியும். இந்த மாதிரிச் சேலைகளைச் சற்று இருட்டாக எடுக்கச் சொல்லுங்கள், நெசவு பிழைக்கும். அப்படியும் நிறம் நூற்றுக்கு நூறு வராது. விவரத்தில் ஒரு வரி எழுதி, வெயிலில் எடுத்த சின்ன வீடியோவைக் கூடவே போடுவது நேர்மையான வழி.

மயில்கழுத்து நிறத்துக்கு வேறு வைத்தியம். பாவு (நீள நூல்) ஒரு கலர், ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலர். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். இதை ஒரு படத்தில் அடக்க எந்தப் போட்டோகிராபராலும் முடியாது. நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முந்தியை மடித்துப் பிடித்து ஒன்று என்று மூன்று படமாவது வேண்டும். பட்டியலில் இப்போதே எழுதிவிடுங்கள்.

திருப்பூர்க்காரர்களின் தனித் தலைவலி வெள்ளை பனியன். கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பது படத்தில் நீலமடிக்கும். வெண்மையைக் கூட்டப் பதனிடும்போது பிரைட்னர் சேர்க்கிறார்கள் அல்லவா, அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். ஃபிளாஷில் புற ஊதா இருந்தால் துணி நீலமாக ஜொலிக்கும். பிரைட்னர் போட்ட வெள்ளையையும் போடாத ஆஃப்-ஒயிட்டையும் ஒரே ஃப்ரேமில் வைக்காதீர்கள், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது அழுக்காகத் தெரியும். "இது பிரைட்னர் போட்ட பீஸ்" என்று போட்டோகிராபரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் அதற்குத் தகுந்த விளக்கோடு வருவார்.

எதுவானாலும் ஒவ்வொரு செட் தொடங்கும்போதும் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பொருளோடு சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எடிட்டர் அதை வைத்துத்தான் நிறத்தைப் பிடிப்பார். எடிட்டிங் வெளியூரில் நடந்தால் துணியின் ஒரு துண்டை கூரியரில் அனுப்பிவிடுங்கள். பிறகு, உங்கள் போன் திரையில் "விவிட்" மோடு போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு வந்த படத்தைக் குறை சொல்லுங்கள்.

உணவுப் பொருளில் கதை தலைகீழ். நாட்டுச்சர்க்கரை, வெல்லத்தைப் படத்தில் பளிச்சென்று ஆக்கினால் மஞ்சளாகிவிடும். கவுந்தப்பாடிப் பக்கம் சர்க்கரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு மஞ்சள் என்றாலே வெளுக்க மருந்து போட்டது என்றுதான் தோன்றும். மருந்து போடாமல் கஷ்டப்பட்டுக் காய்ச்சியவர், எடிட்டரின் ஒரு இழுப்பில் கெட்ட பெயர் வாங்குகிறார். கறுப்பாக இருப்பது கறுப்பாகவே இருக்கட்டும்.

"கிரைண்டர்ல போட்டோகிராபர் நிக்கறது தெரியுது"

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், பம்ப், பாத்திரம், பித்தளைச் சாமான். மெருகு போட்ட உலோகம் எதையும் தனியாகக் காட்டாது. எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். ஆகவே எதிரே என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவுசெய்யுங்கள். ஜரிகைக் கரை இல்லாத வெள்ளை வேட்டிகள் இரண்டை இரு பக்கமும் திரைபோல் கட்டி, விளக்கை அதன் பின்னாலிருந்து அடித்தால் உலோகத்தில் வழவழப்பான வெள்ளை மட்டும் தெரியும். ஸ்டுடியோக்காரர்கள் விலைக்கு வாங்கும் லைட் டென்ட் செய்வதும் இதே வேலைதான். வேட்டியைத் தேய்த்து வையுங்கள். சுருக்கம் டிரம்மில் அப்படியே பிரதிபலிக்கும்.

பாலிஷ் பண்ணியதும் கைரேகை படாமல் காட்டன் கையுறை போட்டே தூக்க வேண்டும். பட்டறையில் பழக்கதோஷத்தில் பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைப்பார்கள், அது பஞ்சு விடும். மைக்ரோஃபைபர் துணி வாங்கி வையுங்கள். நீல பிளாஸ்டிக் உறையை ஓரத்தோடு சுத்தமாக உரித்துவிடுங்கள், மூலையில் ஒரு துணுக்கு விட்டுப்போனால் படத்தில் கண் நேரே அங்கேதான் போகும்.

கண்ணாடிப் பாட்டில் எண்ணெய்க்குப் பின்னால் வெளிச்சம் வேண்டும். பாட்டிலுக்குப் பின்னே பாட்டில் அளவுக்கே வெட்டிய வெள்ளைத் தாள் வைத்தால் நல்லெண்ணெய் தேன்போலத் தெரியும். இல்லையென்றால் தார் மாதிரி இருக்கும். தேங்காய் எண்ணெயில் இன்னொரு பொறி இருக்கிறது. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். மார்கழிக் காலையில் காங்கேயத்திலோ பொள்ளாச்சியிலோ ஷூட்டிங் வைத்தால் பாட்டில் அடியில் வெள்ளையாகக் கட்டி நிற்கும். ஊர்க்காரருக்கு அது சுத்தமான எண்ணெயின் அடையாளம். ஆன்லைனில் பார்க்கும் ஆளுக்கு "கெட்டுப்போனது". முந்தின நாள் வெயிலில் வைத்து உருக்கி, எடுக்கும்வரை வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள்.

"அப்பா விறைப்பா நிக்கறாருங்க, பாஸ்போர்ட் போட்டோவாட்ட இருக்கு"

தொழிலை ஆரம்பித்தவர் அப்பா. படத்துக்கு நிற்கச் சொன்னால் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். "சிரிங்கப்பா" என்று சுற்றி நிற்கும் எல்லோரும் சொல்லச் சொல்ல இன்னும் இறுகிப்போவார். காரணம் அவரிடம் இல்லை. சுற்றி நிற்கும் கூட்டம்தான். மகன், மருமகள், மேனேஜர், வேடிக்கை பார்க்கும் பையன்கள் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். போட்டோகிராபரும் அவரும் மட்டும் இருக்கட்டும்.

அப்புறம் கையில் அவருடைய வேலையைக் கொடுங்கள். நெசவுக்காரர் என்றால் நூல் கட்டு, பவுண்டரி என்றால் அவர் தினமும் தட்டிப் பார்க்கும் வார்ப்பு, மளிகை என்றால் தராசு. முப்பது வருஷமாக அந்தப் பொருளைத் தொட்ட கை எப்படிப் பிடிக்கும் என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. "இது நல்ல சரக்கா இல்லையான்னு எப்படிங்க பார்க்கறது?" என்று கேட்டுவிட்டால் கேமராவை மறந்துவிடுவார். சொல்லிக்கொண்டிருக்கும்போது எடுப்பதைவிட, சொல்லி முடித்து நிமிரும் அந்தக் கணத்தை எடுக்கச் சொல்லுங்கள். நூல் விலையைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், முகம் சுருங்கிவிடும்.

கோட் சூட் வேண்டுமா என்று கேட்பார்கள். தினமும் கோட் போடுகிறவர் போடட்டும். மற்றவர்கள் தம்பியின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றால், தோளில் இடிப்பதும் முகத்தில் சங்கடமும் அப்படியே பதிவாகும். இந்தக் கொங்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு கோடிக்கணக்கில் வியாபாரம் பேசுகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கஞ்சி போட்ட வெள்ளைக்கு ஒரே நிபந்தனைதான்: வெள்ளைச் சுவரின் முன்னும் நேர்வெயிலிலும் நிற்கக்கூடாது. தேக்குக் கதவு, செங்கல் சுவர், மெஷின் வரிசை மாதிரி அடர்ந்த பின்னணி இருந்தால் சட்டையின் மடிப்புக்கூடத் தெரியும்.

குடும்பப் படத்தில் இன்னொன்றும் கவனிக்கிறேன். கணக்கு, ஆர்டர், கூரியர் எல்லாம் பார்க்கும் மருமகள் காபி டம்ளரோடு ஓரத்தில் நிற்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்கு வரும் மச்சான் நடுவில் உட்கார்ந்திருப்பார். போனில் தினமும் அந்த அம்மிணியிடம் பேசும் வாடிக்கையாளருக்கு அவர் முகம்தான் தெரிய வேண்டும். யார் எங்கே நிற்பது என்பதை வீட்டிலேயே, முந்தின நாள் ராத்திரி பேசி முடித்துவிடுங்கள். ஸ்பாட்டில் பேசினால் பேச்சு முகத்தில் தங்கிவிடும்.

"முகம் எண்ணெய் வழியுது" அல்லது "பேயறைஞ்சாப்ல வெளுத்திருக்கு"

இரண்டாவது முதலாவதற்குச் செய்த வைத்தியத்தால் வருவது. வியர்வைக்கு டால்கம் பவுடரை அப்பினால் ஃபிளாஷில் வெள்ளையாக அடிக்கும். டிஷ்யூ தாளால் ஒற்றி எடுப்பதே போதும். ஷாட்டுக்கு ஷாட் நடுவில் ஃபேனைப் போடுங்கள், எடுக்கும்போது அணையுங்கள். சாம்பல், வெளிர்நீலச் சட்டைகள் அக்குள் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் அடர்நீலமும் காட்டாது. முடிவெட்டுவதை நாலைந்து நாள் முன்பே முடியுங்கள். வெயிலுக்குப் போனால் கறுக்கும் கண்ணாடி போடுகிறவர்கள் சாதாரணக் கண்ணாடி ஒன்று கொண்டு வாருங்கள், இல்லையென்றால் வெளியில் எடுத்த படத்தில் கூலிங்கிளாஸ் போட்டமாதிரி இருக்கும். கண்ணாடியில் விளக்கு அடித்தால் காதுப் பக்கக் காம்பைச் சற்று உயர்த்தினால் போகும்.

"ஆளு நல்லா இருக்காரு, பின்னாடிதான் என்னென்னமோ தெரியுது"

சாதாரணக் கேஸ்: தலைக்கு மேலே காலண்டர், காதுக்குப் பக்கத்தில் சிவப்பு ஜீரோ வாட் பல்போடு சாமி படம், மாலை போட்ட அப்பாரு போட்டோ. அவற்றை எடுக்க மனசு வராது என்றால் எடுக்க வேண்டாம், முதலாளியை அந்தச் சுவரிலிருந்து எட்டடி முன்னே கொண்டுவந்து நிறுத்துங்கள். பின்னணி மங்கிவிடும்.

பெரிய கேஸ் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வரும். நீங்கள் பார்ப்பது மெஷின் வரிசையை. வெளிநாட்டு பையர் அலுவலகத்தில் பார்ப்பவர் அதே படத்தில் வேறு எதையோ பார்ப்பார். தீயணைப்பான் முன்னால் துணிக்கட்டு அடுக்கியிருக்கிறதா, அவசர வழிக் கதவை அட்டைப்பெட்டி மறைக்கிறதா, தரையில் மஞ்சள் கோட்டுக்குள் ட்ராலி நிற்கிறதா, கட்டிங் மாஸ்டர் கையில் உலோக வலைக் கையுறை இருக்கிறதா, மெஷினில் ஊசிக் காப்பு மாட்டியிருக்கிறதா. படத்துக்காக மட்டும் இவற்றை ஒழுங்குபடுத்தினால் அடுத்த ஆடிட்டில் மாட்டிக்கொள்வீர்கள், அது உங்கள் பாடு. ஆனால் படத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டாமே. பள்ளி லீவுக்கு வந்து ஃப்ளோரில் விளையாடும் உங்கள் சொந்தப் பையன்கூட ஃப்ரேமில் வரக்கூடாது. அது முதலாளி மகன் என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அதைவிட ஆபத்தானது மேஜையில் கிடக்கும் இன்னொரு பையரின் லேபிள். ஒரு பிராண்டுக்குத் தைப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதே பிராண்டின் கழுத்துப்பட்டி உங்கள் வெப்சைட் முகப்பில் பெரிதாகத் தெரிந்தால் வம்புதான். உடையின் அளவும் தையல் விவரமும் உள்ள டெக் பேக் தாள், அட்டைப்பெட்டி மேல் ஷிப்பிங் மார்க், போர்டில் எழுதிய ஆர்டர் எண் எல்லாவற்றையும், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை ஒருமுறை சுற்றிவரச் சொல்லி அகற்றுங்கள். போட்டோகிராபருக்கு இது தெரியாது, கம்பெனி ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

உணவுத் தொழில் என்றால் தலைமுடியை மூடும் தொப்பி, மோதிரம் வளையல் இல்லாத கை, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிம எண் சரியாக அச்சான லேபிள். பழைய எம்.ஆர்.பி., முடிந்துபோன தேதி இருக்கும் பாக்கெட்டைப் படத்துக்கு வைத்துவிடாதீர்கள். விலையும் தேதியும் அச்சிடாத வெற்று லேபிளோடு நாலு பாக்கெட் தனியாக வைத்தால் அதே படம் அடுத்த வருஷமும் ஆகும். லேத், பவுண்டரிப் படத்தில் ஹவாய் செருப்பு தெரியக்கூடாது.

தொழிலாளர் முகம் தெளிவாகத் தெரியும் படங்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்று தயங்கும் பெண்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். தைக்கும் கை மட்டும் எடுத்தாலே படம் நன்றாக வரும்.

"கடை முன்பக்கம் எடுத்தாங்க, போர்டே தெரியல"

கிழக்குப் பார்த்த கடையைச் சாயங்காலம் எடுத்தால் முன்பக்கம் இருட்டு, வானம் வெளுப்பு. கிழக்கு வாசலுக்குக் காலை, மேற்குக்குப் பிற்பகல். எரியும் எழுத்துப் போர்டு இருந்தால் சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது நிமிஷம்தான் நல்ல நேரம். அப்போது வானத்தின் நீலமும் போர்டின் வெளிச்சமும் சமமாக இருக்கும். முழு இருட்டில் எடுத்தால் எழுத்து வெறும் வெள்ளைக் கட்டியாகிவிடும். கோவைப் பக்கம் டிசம்பரில் ஆறு மணியை ஒட்டியும், ஜூன் கடைசியில் 6:45க்கு மேலும் சூரியன் மறையும், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆள் தயாராக நிற்க வேண்டும்.

கோவை ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு மாதிரி இடங்களில் சாயங்காலம் கடை முன்னால் வண்டிகள் நிற்காமல் எடுப்பது கனவு. அங்கே ஞாயிறு விடியற்காலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் ஷாட் கேட்பவர்கள் கவனிக்க: டிரோன் விதிகள் 2021படி டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதி பிரித்திருக்கிறார்கள். கோவை அவிநாசி ரோட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். நடுவில் இருக்கும் கம்பெனிகள் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

"நாள் பூரா போச்சு, பாதிப் பொருள்கூட முடியல"

நாள் தேர்விலேயே பாதி போய்விடும். இங்கே பிராண்டிங் படம் எடுப்பவர்களில் பலர் கல்யாணப் போட்டோகிராபர்கள்தான். முகூர்த்த நாளில் கேட்டால் உதவியாளரை அனுப்புவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் ஆள் சும்மா இருப்பார், விலையும் பேசலாம். ஆனால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாடிகளைச் சுற்றவைக்கும் காற்று உங்கள் லைட் ஸ்டாண்டை விட்டுவைக்குமா? ஆடியில் உள்ளே எடுக்க வேண்டியதை எடுங்கள், வெளிப்புறத்தை மார்கழி, தைக்கு வையுங்கள்.

பட்டறைக்கும் மில்லுக்கும் என் சிபாரிசு ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம். வருஷத்தில் மெஷின் எல்லாம் துடைத்து, பெயின்ட் அடித்து, மூலைமுடுக்கு ஒட்டடை எடுத்திருப்பது அந்த ஒரு வாரம்தான். சந்தனம் குங்குமம் இருக்கட்டும், அழகுதான். வாடிப்போன மாவிலையையும் வாழைக்கன்றையும் மட்டும் அகற்றுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: ஈரோட்டு ஜவுளிக்காரர்களுக்குத் திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை சந்தை, திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையைச் செய்தித்தாளில் போடுவார்கள், காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் நாலு ஐந்துக்குத்தான் வரும். அந்தத் தேதியைப் பார்க்காமல் ஷூட்டிங் வைத்தால் எட்டு மணி நேரம் டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

நாள் சரியாக இருந்தும் இழுத்தால், தேய்க்காத துணி காரணமாக இருக்கும். அல்லது "அந்தப் பீஸ் குடோன்ல இருக்கு". எடுக்கப் போகும் எல்லாப் பொருளும் முந்தின நாளே துடைத்து, தேய்த்து, எண் ஒட்டி, எடுக்கும் வரிசையில் ஒரு மேஜையில் இருக்க வேண்டும். ஒரே அளவுள்ள பொருளை அடுத்தடுத்து வையுங்கள், கேமரா ஸ்டாண்டை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிராது. "இது ஓகே" என்று சொல்லும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்கட்டும். அண்ணன் ஓகே சொல்லி, தம்பி வந்து மாற்றச் சொன்னால் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

"வாட்ஸ்அப்ல மங்கலா இருக்கு, பேனர்ல உடையுது, வட்டத்துல தலை வெட்டுது"

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவ் லிங்க் வாங்குங்கள். நோட்டீஸ் அடிக்கும் பிரஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுக்கவே கூடாது. ஏ4 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2480 × 3508 வேண்டும். பத்தடி ஃபிளெக்ஸ் தூரத்திலிருந்து பார்ப்பது, அதற்கு அவ்வளவு நெருக்கம் தேவையில்லை, 6000 × 4000 உள்ள ஒரு ஒரிஜினல் தாராளமாகப் போதும்.

கூகுள் பிசினஸ் பக்கத்துக்கு 720 × 720க்குக் குறையாமல், 5 எம்பிக்குள். அமேசானில் முதன்மைப் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக, பொருள் ஃப்ரேமில் 85 சதவீதம் நிறைந்து இருக்க வேண்டும். பனைஓலைத் தட்டில் வைத்து அழகாக எடுத்ததை முதல் படமாக ஏற்கமாட்டார்கள், அது இரண்டாவதாகப் போகட்டும். வாட்ஸ்அப் புரொஃபைல் வட்டமாக வெட்டும், ஆகவே முகத்தைச் சுற்றி இடம் விட்டு ஒன்று எடுத்துவையுங்கள். தீபாவளித் தள்ளுபடி எழுத்துப் போட ஒரு பக்கம் காலியாக விட்ட படங்களும் நாலைந்து வேண்டும். இதையெல்லாம் எடுத்த பிறகு கேட்டால் வெட்டித்தான் தருவார், எடுக்கும் முன் கேட்டால் எடுத்தே தருவார்.

"நம்ம படத்தை வேற கடை விளம்பரத்துல பார்த்தோம்"

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17இன்படி, நீங்கள் சொல்லி, பணம் கொடுத்து எடுக்கும் போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் உரிமையாளர் நீங்கள்தான். "வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்" என்பதைக் கவனியுங்கள். கொட்டேஷனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உரிமை ஸ்டுடியோவுக்கு என்று போட்டிருந்தால் கதை மாறிவிடும். அதைப் படியுங்கள். எத்தனை படம் எடிட் செய்து தருவார், ரா பைல் (கேமராவில் பதிவான, எடிட் செய்யாத மூலம்) உண்டா இல்லையா, எத்தனை முறை திருத்தம், அவருடைய பக்கத்தில் உங்கள் படத்தைப் போடலாமா என்ற நாலையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். பலர் ரா பைல் தரமாட்டார்கள், அது ஏமாற்று அல்ல, தொழில் வழக்கம். வேண்டும் என்றால் தனி விலை பேசி, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.